முதல் அடி ஏன் வலிக்கிறது?

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்கக்கூடும். இரவு முழுவதும் நன்றாகத் தூங்கி எழுகிறார். முதல் அடியைத் தரையில் வைத்ததும் குதிகாலில் ஆணி தைத்தாற்போல் 'சுருக்'கென்று வலிக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடக்கிறார். இருபது முப்பது அடி நடந்ததும் வலி தானாகவே குறைகிறது. பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மீண்டும் அதே வலி!

இது என்ன விந்தை? உழைத்த பின் உடம்பு வலிப்பது இயல்பு. ஓய்வெடுத்த பின் வலிப்பானேன்?

இவ்வலிக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் 'பிளான்டார் ஃபேசியைட்டிஸ்'. இதற்கெனக் கடைகளில் ஒரு காலுறை விற்கிறார்கள். முழங்கால் வரை நீளும் அக்காலுறையின் விரல் நுனியில் ஒரு பட்டை தைத்திருக்கும். பட்டையை மேலே இழுத்து முழங்காலுக்குக் கீழே உள்ள வளையத்தில் மாட்டிவிட்டால், பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்கும். விரல்கள் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். இப்படியே தூங்க வேண்டும். இதில் மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. வெறும் துணியும் ஒரு பட்டையும் வலியைத் தீர்க்குமா? விடை காண மருத்துவத்தைக் காட்டிலும், நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே நமக்கு அதிகம் துணை செய்யும்.

கால் நின்றால் தறி நிற்கும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் இருக்கும் ஆரணி, பட்டுப் புடவைக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மாறி மாறி அழுத்துகிறார். ஒரு மிதி அழுந்தும்போது பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிறது. கைத்தறி என்று பெயர் இருந்தாலும் அது பாதி கால்தறியே!

புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளருக்குக் கால் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். அரிசி ஆலையின் சிமெண்டுத் தளத்தில் நாள் முழுவதும் நிற்பவருக்கும், துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கும் இதே நிலைதான். கடை ஊழியர்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கக் கூடாது, அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது நினைவிருக்கலாம்.

பத்தில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை குதிகால் வலி வரக்கூடும் என்று மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடையே இது மிகுதி. எனவே இது ஒரு தொழிலுக்கோ ஓர் ஊருக்கோ மட்டும் உரிய துன்பமன்று. ஆனாலும் இதைப் புரிந்துகொள்ள நெசவுத் தறி நமக்கு நல்ல ஆசிரியர். ஏனெனில் தறியும் பாதமும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டும் இழைகளை இழுத்துப் பிடித்து வைக்கின்றன.

பாதம் ஒரு கூரை

ஓட்டுவீட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். இரண்டு சாய்மரங்கள் உச்சியில் சந்திக்கின்றன. ஓட்டின் எடை உச்சியை அழுத்தும்போது அவற்றின் அடிமுனைகள் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். விலகவிடாமல் அவ்விரு முனைகளையும் இணைத்து ஒரு குறுக்கு விட்டம் இழுத்துப் பிடிக்கிறது. சாய்மரங்களில் அமுக்கு விசை, விட்டத்தில் இழுவிசை.

உங்கள் பாதமும் அத்தகைய கூரைதான். குதிகால் எலும்பு ஒரு சாய்மரம். கணுக்காலுக்கு முன்னுள்ள நீண்ட எலும்புகள் மற்றொரு சாய்மரம். இரண்டும் சேருமிடத்தில் உடல் எடை இறங்குகிறது. அடியில் விட்டமாக நின்று இழுத்துப் பிடிப்பது ஒரு நார்ப்பட்டை. குதிகால் எலும்பின் அடிப்பகுதியில் தொடங்கி, உள்ளங்கால் முழுவதும் விசிறிபோல் விரிந்து, ஐந்து விரல்களின் அடிவரை செல்கிறது. இதுவே 'பிளான்டார் ஃபேசியா'. நாம் 'உள்ளங்கால் நார்ப்பட்டை' என்று அழைப்போம். வலி தோன்றும் இடம் பெரும்பாலும் இப்பட்டை குதிகால் எலும்புடன் சேரும் இடமே.

இப்பட்டையில் எவ்வளவு இழுவிசை இருக்கும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். எடை ஏறத்தாழ 600 நியூட்டன். குதிகால் தரையைத் தொடும் இடத்திற்கும் முன்பாதம் தரையைத் தொடும் இடத்திற்கும் இடைத்தூரம் 18 செ.மீ. எனக் கொள்வோம். எடை இறங்கும் உச்சி, குதிகாலிலிருந்து 5 செ.மீ. முன்னால், நார்ப்பட்டைக்கு மேலே 5 செ.மீ. உயரத்தில் உள்ளது.

முதலில் குதிகாலைச் சுற்றித் திருப்புத்திறன்களைச் சமப்படுத்துங்கள். முன்பாதத்தைத் தரை மேல்நோக்கித் தள்ளும் விசை = 600 × 5 / 18 = ஏறத்தாழ 167 நியூட்டன். இனி முன்பாதி எலும்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, உச்சியைச் சுற்றித் திருப்புத்திறன்களைச் சமப்படுத்துங்கள். 167 × 13 = இழுவிசை × 5. ஆகவே இழுவிசை ஏறத்தாழ 434 நியூட்டன். அதாவது 43 கிலோகிராம் நிறையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம்!

இதை நார்ப்பட்டை மட்டுமே தாங்குவதில்லை. அதற்கு மேலே உள்ள எலும்பிணைப்பு நார்களும் சிறு தசைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனால் நாம் சும்மா நிற்பதாகத்தான் கணக்கிட்டோம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் குதிகாலைத் தூக்குகிறோம். அப்போது கெண்டைக்கால் தசை, குதிநாண் வழியாகக் குதிகால் எலும்பை மேல்நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பு கூரையின் சுமையை மேலும் கூட்டுகிறது. இறந்தபின் தானமாக அளிக்கப்பட்ட கால்களை நடப்பதுபோல் எந்திரத்தால் இயக்கி அளந்த ஆய்வொன்று 2004-இல் வெளிவந்தது. நடையின்போது நார்ப்பட்டையில் தோன்றும் உச்ச இழுவிசை, உடல் எடைக்கு ஏறத்தாழச் சமம் என்று அதில் தெரியவந்தது.

ஒருவர் நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்தால், ஒரு காலுக்கு ஐயாயிரம் அடி. ஆண்டுக்கு 18 இலட்சம் இழுப்புகள்! ஒரே ஓர் இழுப்பில் இப்பட்டை அறுந்துவிடாது. ஆனால் ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் எப்படித் தளர்ச்சியுற்று ஒடிகிறதோ, அப்படியே நுண்ணிய இழைகள் சில இங்கே சிதைகின்றன. உயிருள்ள பட்டை என்பதால் அது தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது. பழுதாகும் வேகம் பழுதுபார்க்கும் வேகத்தை மிஞ்சும்போது வலி தொடங்குகிறது.

படைமரமும் கால்விரலும்

தறிக்கு மீண்டும் வருவோம். நெய்த புடவை நெசவாளரின் மடியருகே உள்ள படைமரத்தில் சுற்றப்படுகிறது. அந்த உருளையைச் சிறிது திருப்பினால் போதும். பாவு முழுவதும் விறைப்பாகிவிடும். உங்கள் பாதத்திலும் அத்தகைய படைமரம் இருக்கிறது!

தரையில் நின்றுகொள்ளுங்கள். நண்பர் ஒருவரை உங்கள் கால் கட்டைவிரலைக் கையால் மேல்நோக்கி மெல்ல வளைக்கச் சொல்லுங்கள். என்ன நேர்கிறது? பாதத்தின் உட்பக்க வளைவு தானாக உயர்வதைக் காண்பீர்கள். விரல் மேலே வளையும்போது நார்ப்பட்டை, விரலடி எலும்பின் உருண்டையான தலையைச் சுற்றிக்கொள்கிறது. உருளையில் கயிறு சுற்றினால் மீதிக் கயிறு குறுகுமல்லவா? அதுபோலக் குதிகாலும் முன்பாதமும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, வளைவு உயர்கிறது, பட்டை விறைக்கிறது. இதை 1954-இல் ஹிக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விளக்கிக் காட்டினார். கயிறு சுற்றும் உருளையின் பெயரால் இன்றும் இது 'விண்ட்லஸ் அமைப்பு' என வழங்குகிறது.

இதனால் என்ன பயன்? அடி எடுத்து வைக்கும் இறுதிக் கட்டத்தில் குதிகால் உயர்ந்து விரல்கள் வளைகின்றன. அப்போது பட்டை விறைப்பாகி, பல சிறு எலும்புகளால் ஆன பாதத்தைக் கெட்டியான ஒரு நெம்புகோலாக மாற்றுகிறது. நாம் முன்னோக்கி உந்தப்படுகிறோம். ஓடும்போது இவ்வளைவு சுருள்வில்லாகவும் பயன்படுகிறது. 70 கிலோகிராம் நிறையுள்ள மனிதர் ஓடும்போது, ஒவ்வோர் அடியிலும் பாத வளைவு ஏறத்தாழ 17 ஜூல் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது என்று 1987-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

இந்த விரல் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலுறையின் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

நார்ப்பட்டை எதனால் ஆனது? பட்டு நூலைப் போலவே இதுவும் புரத இழைதான். பட்டுப் புழு தரும் புரதம் ஃபைப்ராயின். நார்ப்பட்டையின் புரதம் கொல்லாஜன். நம் உடம்பில் உள்ள புரதங்களுள் மிகுதியானது கொல்லாஜனே. தோல், எலும்பு, தசைநாண் யாவற்றிலும் அது உண்டு.

கொல்லாஜன் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்ற புதிரை விடுவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. சர் சி.வி. இராமனின் மாணவரான ஜி.என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்பவருடன் சேர்ந்து 1954, 1955 ஆண்டுகளில் இதற்கான முப்புரி அமைப்பை வெளியிட்டார். கங்காருவின் வால் நாணை எக்ஸ் கதிரால் படமெடுத்து அவர்கள் இதைக் கண்டனர்! மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, நல்ல தேங்காய்நார்க் கயிற்றைப் போல் இழுவிசையைத் தாங்குகின்றன.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தசைநாண் ஏறத்தாழ 100 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும். பட்டு இழை அதைவிடப் பல மடங்கு வலியது. ஆனால் அறுந்த பட்டு நூலை நெசவாளர்தான் முடிச்சிட்டு இணைக்க வேண்டும். கொல்லாஜன் இழையோ உடம்புக்குள்ளேயே புதிதாக நெய்யப்படுகிறது. அந்த நெசவு மெதுவானது. இவ்விடத்திற்கு வரும் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஆகும்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 'ஐட்டிஸ்' என்று முடியும் நோய்ப் பெயர்கள் அழற்சியைக் குறிப்பவை. ஆனால் அறுவையின்போது எடுக்கப்பட்ட 50 நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, அவற்றில் அழற்சியின் அடையாளங்கள் இல்லை, இழைச் சிதைவே இருந்தது எனக் காட்டியது. பெயர் பழையதாக நிலைத்துவிட்டது, பொருள் மாறிவிட்டது.

இரவில் நடப்பது என்ன?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். தூங்கும் ஒருவரின் பாதத்தைப் பாருங்கள். அது காலுக்குச் செங்குத்தாக நிற்பதில்லை. பரதநாட்டியக்காரர் பாதத்தை நீட்டுவதுபோல் விரல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கெண்டைக்கால் தசை, முன்கால் தசையைவிட வலியது என்பது ஒரு காரணம். போர்வையின் எடையும் சேர்ந்துகொள்கிறது. இந்நிலையில் குதிநாணும் கெண்டைத் தசையும் தளர்ந்து குறுகுகின்றன. விரல்கள் மேலே வளையாததால் 'படைமரம்' சுற்றப்படவில்லை. நார்ப்பட்டையும் தொய்ந்து கிடக்கிறது. ஏழெட்டு மணி நேரம் இப்படியே கழிகிறது.

சிதைந்த திசுவின் பழுதுபார்ப்பு இந்தக் குறுகிய நிலையிலேயே நடக்கிறது. காலையில் முதல் அடி வைத்ததும், தொய்ந்திருந்த பட்டையில் நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான நியூட்டன் இழுவிசை பாய்கிறது. குறுகிய நிலைக்குப் பழகிய திசு சட்டென்று நீட்டப்படுகிறது. அதுவே அந்த 'சுருக்' வலி. சில அடிகள் நடந்ததும் திசு படிப்படியாக நீண்டு இணங்கிவிடுவதால் வலி தணிகிறது. மருத்துவர்கள் தரும் பொதுவான விளக்கம் இதுவே.

தறிக்குழியிலிருந்து எழுபவரின் நிலையும் இதனின்று வேறன்று. அமர்ந்திருக்கும்போது உடல் எடை பாதத்தில் இறங்குவதில்லை. முழங்கால் மடிந்திருப்பதால் கெண்டைத் தசையும் தளர்ந்திருக்கும். ஆகவே மிதியை மிதிக்கும்போது வலிக்காத கால், எழுந்து நடக்கும்போது வலிக்கிறது.

காலுறையின் வேலை

இரவுக் காலுறை இரண்டு காரியங்களைச் செய்கிறது. பாதத்தைச் செங்குத்தாக நிறுத்திக் கெண்டைத் தசையும் குதிநாணும் குறுகாமல் தடுக்கிறது. விரல்களை மேலே வளைத்துப் படைமரத்தைச் சற்றே சுற்றி, நார்ப்பட்டையின் தொய்வை எடுக்கிறது.

இதற்குப் பெரிய விசை தேவையில்லை. பட்டையில் 10 நியூட்டன் இழுவிசை இருப்பதாகவும், அது கணுக்கால் மூட்டிலிருந்து 15 செ.மீ. செங்குத்துத் தொலைவில் செயல்படுவதாகவும் கொள்ளுங்கள். திருப்புத்திறன் 1.5 நியூட்டன் மீட்டர். பகலில் ஓர் அடி எடுத்து வைக்கும்போது தோன்றும் திருப்புத்திறன் இதைப் பன்மடங்கு மிஞ்சும். அப்படியானால் இந்தச் சிறு விசை எதைச் சாதிக்கும்? விடை, 'நேரம்' என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது.

எஃகுக் கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் அது உடனே ஓரளவு நீண்டு அங்கேயே நின்றுவிடும். ஹூக் விதி அதற்குப் பொருந்தும். உயிர்த் திசுக்களோ பாதி ரப்பர் போலவும் பாதி தார் போலவும் நடந்துகொள்கின்றன. விசை மாறாமல் இருந்தாலும் நேரம் செல்லச் செல்ல மெல்ல நீளும். பொறியாளர்கள் இதைக் 'கிரீப்' என்பார்கள்; நாம் 'மெதுநீட்சி' எனலாம். நீளத்தை மாறாமல் பிடித்துவைத்தால், உள்ளே இருக்கும் இழுவிசை மெல்ல மெல்லத் தணியும். காலுறை செய்வது இந்த இரண்டாவது வகை. பெரிய விசையைச் சட்டென்று தருவதற்குப் பதில், சிறிய விசையை நெடுநேரம் தருகிறது. காலையில் முதல் அடி வரும்போது பட்டை ஏற்கெனவே ஏறத்தாழ வேண்டிய நீளத்தில் காத்திருக்கிறது.

செய்து பாருங்கள்

பால் பாக்கெட் உறையைக் கழுவி உலர்த்தி, 1 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீளமும் உள்ள ஒரு பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓரங்களில் பிசிறு இருக்கக் கூடாது. மையால் 10 செ.மீ. இடைவெளியில் இரு கோடுகள் இடுங்கள். மேல்முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டி, கீழ்முனையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். முதலில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். நீட்சி தெரியவில்லையெனில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பிறகு தண்ணீரைக் கூட்டாமல், கோடுகளின் இடைவெளியை உடனேயும், 5, 15, 30, 60 நிமிடங்களுக்குப் பின்பும் அளந்து வரைபடம் வரையுங்கள். எடை மாறவில்லை, ஆனால் நீளம் கூடிக்கொண்டே போகிறது அல்லவா? முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் கூடுவதைக் கவனியுங்கள்.

ஒரு வேற்றுமையை மறக்க வேண்டாம். எடையை எடுத்தபின் பாலித்தீன் முழுவதுமாகப் பழைய நீளத்திற்குத் திரும்பாது. நார்ப்பட்டை உயிருள்ளது, அது பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே ஓர் இரவில் பட்டையை இழுத்து நீளமாக்கிவிட முடியாது. இரவுதோறும் தொய்ந்து குறுகாமல் காப்பதே காலுறையின் வேலை.

உண்மையில் பயன் உண்டா?

காரணம் பொருத்தமாகத் தோன்றுவதாலேயே ஒரு சிகிச்சை பலன் தரும் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரவில் பாதத்தை மேல்நோக்கி நிறுத்தும் முறையை, காலுறைக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் அணைகளைக் கொண்டு முதலில் சோதித்தார்கள். 1991-இல் அமெரிக்காவில் வாப்னர், ஷார்க்கி ஆகியோர், நெடுநாளாகக் குணமாகாத 14 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தனர். 11 பேருக்கு வலி நீங்கியது. சராசரியாக நான்கு மாதங்கள் ஆயின. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூர்மையான மாணவர் ஒருவர் உடனே கேட்பார்: "அணை போடாமல் விட்டிருந்தால் எத்தனை பேருக்குக் குணமாகியிருக்கும்?"

நல்ல கேள்வி! இந்த வலி வந்தவர்களுள் பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் எளிய சிகிச்சையிலேயே குணமாகிவிடுகிறது. எனவே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும். 1998-இல் 37 பேரைக் கொண்டு, அணை போட்ட மாதத்தையும் போடாத மாதத்தையும் ஒப்பிட்ட ஆய்வு அணைக்குச் சாதகமாக அமைந்தது. மறு ஆண்டே 116 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வில், மருந்து, பயிற்சி, நல்ல காலணி ஆகியவற்றுடன் அணையையும் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆக, சிலருக்கு, குறிப்பாகக் காலை வலி மிகுந்தவர்களுக்கு இது உதவக்கூடும். எல்லோருக்கும் உதவும் என்று உறுதி கூற இயலாது. காலுறை ஒரு துணைக்கருவியே, மந்திரக்கோல் அன்று.

செலவே இல்லாத ஒரு முறைக்குச் சான்று சற்று வலுவாக இருக்கிறது. 2003-இல் 101 பேரிடம் செய்த ஆய்வு, நார்ப்பட்டைக்கென்றே அமைந்த ஒரு நீட்சிப் பயிற்சி, கெண்டைத் தசையை மட்டும் நீட்டும் பயிற்சியைவிட எட்டு வாரங்களில் நல்ல பலன் தந்ததைக் காட்டியது. பயிற்சி இதுதான்: வலிக்கும் காலை மற்றொரு தொடைமீது போட்டு உட்கார வேண்டும். கையால் கால்விரல்களை மேல்நோக்கி, முன்காலின் பக்கமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்து முறை; நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை, காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே! பாருங்கள், இதுவும் படைமரத்தைச் சுற்றும் வேலைதான். காலுறை இரவெல்லாம் செய்ய முயல்வதைக் கை சில நிமிடங்களில் செய்கிறது. தறியிலிருந்து எழும்முன்னும் இதைச் செய்யலாம்.

சில எச்சரிக்கைகள்

நம் வீடுகளில் செங்கல்லைச் சுடவைத்து, எருக்கிலையை அதன்மேல் வைத்துக் குதிகாலால் மிதிக்கும் வழக்கம் உண்டு. வெப்பம் சற்று இதமாக இருக்கலாம். ஆனால் நீரிழிவு நோயாளிகள் இதைச் செய்யவே கூடாது. அவர்களுள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு தெரியாமல் தோல் வெந்து புண்ணாகிவிடும்; அப்புண் எளிதில் ஆறாது. அதே காரணத்தால் அவர்கள் இரவுக் காலுறையையும் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது. இறுக்கமான பட்டை இரத்த ஓட்டத்தைத் தடுத்தாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

மற்றவர்களும் பட்டையை முதல் நாளே இறுக்கிக் கட்டக் கூடாது. விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்த வேண்டும். காலுறையோடு எழுந்து நடந்தால் வழுக்கி விழ நேரிடும். இரவில் எழ வேண்டுமானால் கழற்றிவிட்டே எழ வேண்டும்.

எக்ஸ் கதிர்ப் படத்தில் குதிகால் எலும்பில் முள்போன்ற வளர்ச்சி தெரிந்தால் பலர் அஞ்சுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அம்முள் உண்டு. வலியுள்ள சிலருக்கு அது இருப்பதில்லை. ஆகவே 'முள் குத்துவதால் வலிக்கிறது' என்பது எப்போதும் சரியன்று.

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், மரத்துப்போதல் இருந்தாலோ, விழுந்த பின் வலி தொடங்கினாலோ, படுத்திருக்கும்போதும் வலி விடாமல் இருந்தாலோ, அது வேறு காரணத்தால் இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் வயதில் விளையாடும்போது குதிகால் வலித்தால், அது பெரும்பாலும் இந்நோயன்று. வளரும் எலும்பின் நுனி அழுத்தத்துக்கு உள்ளாவதால் வருவது. பெரியவர்களுக்குரிய காலுறையை நீங்களாக மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வலியுள்ளவர் கடினத் தரையில் வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்பதைக் குறைக்க வேண்டும். தேய்ந்த செருப்பை மாற்ற வேண்டும். உடல் எடை மிகுந்தால் கூரையின் சுமையும் மிகும் என்பதை மேலே கண்ட கணக்கே சொல்கிறது. 434 நியூட்டன் என்ற விடையில் 600-க்குப் பதில் 800 இட்டுப் பாருங்கள், நீங்களே கண்டுகொள்வீர்கள். கெண்டைத் தசை இறுகி, பாதத்தை மேல்நோக்கி மடக்க இயலாதவர்களுக்கு இவ்வலி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை 2003-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியுள்ளது.

அன்பு மாணவர்களே! உங்கள் வீட்டில் யாரேனும் காலையில் சுவரைப் பிடித்து நடந்தால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். எப்போது வலிக்கிறது, எந்த இடத்தில் வலிக்கிறது, நடந்ததும் குறைகிறதா என்று கேட்டறியுங்கள். நாளை காலை தரையில் கால் வைக்கும்முன் விரல்களைப் பிடித்துப் பத்து எண்ணச் சொல்லுங்கள். எட்டு வாரம் நீங்களே உடனிருந்து எண்ணுங்கள். காலுறை வாங்கலாமா என்று அவர்கள் கேட்டால், அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஒரு துண்டுக் கயிறும் உங்கள் கால் கட்டைவிரலும் கொண்டு விளக்கிச் சொல்ல இப்போது உங்களால் முடியும்.